வெட்டாமல் விட்ட பன்னிரண்டாவது வரிசை

1

இந்தக் கதை என்னுடையதல்ல, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மாதம், அதாவது 1997 செப்ரெம்பரில், சென் ஜேம்ஸ் ரவுணில் எங்கள் கட்டடத்து எலிவேற்றர் பழுதாகி அரைமணி நேரம் நின்றபோது கிடைத்தது. உள்ளே நானும் எட்டாம் மாடிச் சிவபாதம் அண்ணையும் மட்டும். அவர் நயாகராப் பக்கம் ஒரு வைன் தோட்டத்தில் வேலை செய்கிறார் என்பதே அன்றுதான் எனக்குத் தெரியவந்தது.

முதல் வரி இப்படி எழுதினேன்: 'காலைச் சூரியன் திராட்சைக் கொடிகளைத் தழுவி…' (வேண்டாம். நான் அந்தத் தோட்டத்தைப் பார்த்ததே இல்லை.)

2

தோட்டம் லூசியா என்ற இத்தாலியப் பெண்மணியுடையது. அப்பா நட்ட கொடிகள், மகள் பிழியும் வைன். மருந்து கிடையாது, புல்லையும் கையால்தான் பிடுங்க வேண்டும். காய் நிறம் மாறும் நேரத்தில் பாதிக் குலைகளை வெட்டி நிலத்தில் போட்டுவிடுவார்கள். கொடியின் பலமெல்லாம் மிச்சக் குலைகளுக்குப் போகும். நல்ல சிவப்பு வைனுக்கு நிறமும் ருசியும் அப்படித்தான் ஏறுமாம்.

இதை யாரிடம் செய்யச் சொன்னார்கள் பாருங்கள்! சிவபாதம் அண்ணை ஊரிலே, கோப்பாயில், திராட்சை வைத்தவர். அணில் ஒரு குலையைக் கடித்தாலே அன்று அவருக்குச் சோறு இறங்காது.

"பதினொரு வரிசை பல்லைக் கடிச்சுக்கொண்டு வெட்டினன். பன்னிரண்டாவதிலை மனம் வரேல்லை. இலையாலை மூடிவிட்டன்."

"ஒருத்தரும் காணேல்லையோ, அண்ணை?"

"அப்ப காணேல்லை."

3

பிறகு மழை பெய்தது. இலைக்குள் காற்றுப் போகாமல் குலைகளில் பூஞ்சணம் பிடித்தது. மருந்தடித்தால் இயற்கைத் தோட்டம் என்ற சான்றிதழ் போய்விடும். லூசியா அந்த வரிசைக் குலைகள் முழுவதையும் தன் கையாலேயே வெட்டினாராம். (அவரைக் கத்த வைத்து ஒரு பக்கம் எழுதினேன், கிழித்தேன். அவர் கத்தவில்லையாம், அழுதாராம்.)

வரிசைகளுக்குப் பொறுப்பாக இருந்தவர் குஞ்சித்தம்பி. வெட்டாமல் விட்டது அவர் பிழை என்று நினைத்து, இனி வரவேண்டாம் என்று லூசியா அவருக்குச் சொல்லிவிட்டார். சிவபாதம் அண்ணையை அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டவரே அவர்தான்.

"நீங்கள் வாய் திறக்கேல்லையோ?"

அண்ணை பழுதான எலிவேற்றரின் பொத்தானை மறுபடி மறுபடி அழுத்தினார். எனக்குக் கோபம் வந்தது. இன்னும் போகவில்லை.

4

முடிவு ஒன்று: திங்கட்கிழமை அண்ணை லூசியாவிடம் உண்மையைச் சொல்கிறார். அவருக்கு வேலை போகிறது, குஞ்சித்தம்பி தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிப்போகும் வானில் மறுபடி ஏறுகிறார்.

முடிவு இரண்டு: சொல்லவில்லை. ஒக்ரோபரில் பழம் ஆய்கிறார், வைன் அருமையாக வருகிறது, குஞ்சித்தம்பி…

"ரெண்டையும் வைச்சுக்கொண்டு இருக்கிறியள். ஒண்டை வெட்டுங்கோ" என்கிறாள் என் மனைவி தவமணி. எனக்கும் மனம் வரவில்லை.

5

இன்று ஞாயிறு. சற்று முன் அண்ணை வந்து கதவைத் தட்டினார். நான் இதை எழுதுவது அவருக்குத் தெரியும்.

"எழுதி முடிச்சாச்சோ?"

"இல்லை, அண்ணை."

"எழுதும். நீர் எழுதினபடி நாளைக்குச் செய்வன்."

தவமணி கொடுத்த தேத்தண்ணியைக் குடிக்காமல் முன்னால் இருக்கிறார். பேனாவை அவரிடமே நீட்டினேன், வாங்கவில்லை. இப்போது உங்களிடம் நீட்டுகிறேன். வான் காலை ஐந்தரைக்கு வரும்.