சோதனைத் துண்டு

ஷிரோலி தொழிற்பேட்டையின் வரலாற்றிலேயே முதன்முறையாக, உண்மை என்னும் மகத்தான பொருள் விஞ்ஞான முறைப்படி கண்டுபிடிக்கப்படவிருந்தது. அறிவிப்புப் பலகையில் கம்பெனி முத்திரையோடு அப்படித்தான் ஒட்டியிருந்தார்கள். அந்த உண்மைக்காக ஹிந்துராவ் சவுகுலே குந்தி உட்கார்ந்து வார்ப்பு அச்சுக்கு மணல் சலித்துக்கொண்டிருந்தான்.

பதினொரு நாளைக்கு முன்னால், இரும்புக் குழம்பு வாளியைத் தூக்கிப் போன கொக்கி முறிந்தது. வாளி கவிழ்ந்து சர்ஜேராவின் வலது காலில் கொட்டியது. சர்ஜேராவ், ஹிந்துராவின் தங்கை புருஷன். கொக்கி என்றால் காய்ச்சிச் சம்மட்டியால் அடித்ததாக இருக்க வேண்டும். கடையில் வாங்க வேண்டிய சாமான். வார்ப்படக் கம்பெனி போய்க் கொக்கியைக் காசு கொடுத்து வாங்குவதா என்று மேனேஜர் பாட்டண்கருக்கு ரோஷம் வந்துவிட்டது. அவர் சொல்ல, ஈர மணலில் அவசரமாக வார்த்துக் கொடுத்தவன் ஹிந்துராவ்தான். முறிந்த துண்டுகள் அன்று சாயங்காலமே உலைக்குள் போய்விட்டன.

விசாரணை அதிகாரி அதே இரும்பில் ஒரு சோதனைத் துண்டு கேட்டிருந்தார். துண்டு சீக்கிரம் உடைந்தால் தப்பு கம்பெனியுடையது. சர்ஜேராவுக்கு நஷ்ட ஈடு. தாங்கினால், வாளி தூக்கும் சங்கிலியைத் தாறுமாறாக இழுத்த சர்ஜேராவ் குற்றவாளி.

ஆஸ்பத்திரியில், சர்ஜேராவின் வலது முழங்காலுக்குக் கீழே போர்வை தட்டையாகக் கிடந்தது.

"அடிச்ச இரும்பு வளைஞ்சு காட்டும் மச்சான், ஓடிருடான்னு. வார்த்தது நம்ம மேனேஜர் மாதிரி. சொல்லாம கொள்ளாம ஆளை அனுப்பிரும்," என்றான் சர்ஜேராவ். தங்கை சிரிக்கவில்லை. அவனுக்காகக் கொண்டுவந்த பாக்ரி ரொட்டியைத் துணுக்குத் துணுக்காகப் பிய்த்துக்கொண்டே இருந்தாள்.

சோதனைத் துண்டுக்குப் பாட்டண்கர் விதித்த நியமங்கள் கல்யாணப் பெண்ணுக்குக்கூடக் கிடையாது. அச்சைச் சூளையில் காயவைக்க வேண்டும், குழம்பை நிதானமாக ஊற்ற வேண்டும், மறுநாள் வரை மணலுக்குள்ளேயே ஆறவிட வேண்டும். அப்படி ஆறிய இரும்பு பாரம் தாங்கும். அதே இரும்பை ஈர மணலில் ஊற்றிச் சிவப்பு மாறுமுன் உருவினால் உள்ளே ஓட்டை விழும், கண்ணாடி போல் நொறுங்கும். கொக்கி அப்படி வந்ததுதான்.

ஹிந்துராவ் சுற்றுமுற்றும் பார்த்தான். சலித்த மணலில் இரண்டு கை தண்ணீர் தெளித்தான். ஊற்றிய இருபதாவது நிமிஷம், சிவக்கச் சிவக்க இடுக்கியால் உருவிப் போட்டான். இருபது வருஷத்தில் அவன் வார்த்த முதல் யோக்கியமான சோதனைத் துண்டு அது. கண்டுபிடித்தால் வேலை போகும்.

மறுநாள் காலையில் பாட்டண்கர் துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினார். ஓரத்தில் கடுகளவு ஓட்டை. அதை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"கொக்கியை வார்த்த மாதிரியேதான் வார்த்தேன் சாகிப்."

"தெரியுது."

அவர் கத்தவில்லை. விசாரணைக் காகிதம் பறக்காமலிருக்க அந்தத் துண்டை அதன்மேல் வைத்தார். பீரோவைத் திறந்து, போன வருஷம் தரச் சான்றிதழுக்காக ஹிந்துராவ் பக்குவமாக வார்த்த துண்டு ஒன்றை எடுத்து, கைக்குட்டையால் துடைத்து, பையில் போட்டு அரக்கு முத்திரை வைத்தார். அதிகாரியின் பியூன் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டான்.

பீரோவில் இன்னும் பதினான்கு இருந்தன.