சலூன்காரர் சொன்ன வைத்தியம்

அவர் சலூன் வைத்திருந்தார். அவர் மனைவி நகரப் பேருந்து ஓட்டினாள். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. முடிவெட்ட வருகிறவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொல்ல, அவர் ஒன்றுவிடாமல் வீட்டுக்குக் கொண்டுவந்தார். இஞ்சிச் சாறு, நீராவி, காது மடலில் ஊசி என்று எல்லாம் சுற்றி, கடைசியில் மிளகுத்தூள் குழைத்த தேனில் வந்து நின்றார்.

"எப்படி இருக்கு?" என்பார், கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே.

"நெஞ்சு லேசாயிருக்குங்க."

லேசானது உண்மைதான். ஆனால் அது இன்ஹேலர் செய்த வேலை. டாக்டர் சொன்னபடி காலையும் மாலையும் அதை இழுப்பதை அவள் ஒரு வேளைகூட விட்டதில்லை. பார்த்தால் அவர் முகம் வாடிவிடுமே என்று டிப்போவில் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து இழுப்பாள். லீவு நாளில் குளியலறையில்.

ஒரு ஞாயிறு மதியம் அவர் வாயெல்லாம் பல்லாக வந்தார். "நம்ம தபால்காரர் அண்ணனுக்கும் இரைப்பு இருக்குல்ல? உன் கதையைச் சொன்னேன். நாலு நாளா இன்ஹேலர் பம்ப்பைத் தொடவே இல்லையாம்! வெறும் தேன்தான்!"

அவளுக்குத் திக்கென்றது. "செருப்பைக் கழட்டாதீங்க. வாங்க போலாம்."

தபால்காரர் தன் வீட்டு மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்திருந்தார். மூச்சு விசில் அடித்தது.

"அண்ணே, நான் பம்ப்பை விடவே இல்லை. இவருக்குத் தெரியாம இழுத்துக்கிட்டுதான் இருக்கேன். உங்களுது எங்க?"

அவர் மேலே கை காட்டினார். சலூன்காரர் இரண்டு இரண்டு படியாகத் தாவி ஓடினார். இன்ஹேலரை எடுத்துவந்து மூடியைக் கழற்றிக் கொடுத்தார். இரைப்பு கொஞ்சம் தணிந்ததும் இருவருமாக அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். நல்லவேளை, சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

திரும்பி நடக்கையில் தெருமுனையில் சலூன்காரர் நின்றார்.

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"தேன் குழைக்கிறப்போ உங்க மூஞ்சியை நீங்க பாத்ததில்லை. பாத்திருந்தா நீங்களும் சொல்லியிருக்க மாட்டீங்க."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அதுக்காகக் குளியலறையிலயா?"

"அங்கதான் தாழ்ப்பாள் இருக்கு."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்க அவரும் கூடப் போனார். மறக்காமலிருக்கக் கேள்விகளைச் சீட்டில் எழுதி எடுத்துப் போயிருந்தார். மூச்சுப் பயிற்சி செய்யலாம், தேனும் பிடித்தால் சாப்பிடலாம், ஆனால் எதுவும் இன்ஹேலருக்குப் பதிலாகாது என்றார் டாக்டர். அன்றிலிருந்து கணவனும் மனைவியும் பயிற்சியைச் சேர்ந்தே செய்கிறார்கள். அவருக்குத்தான் எண்ணிக்கை தப்பிப்போகிறது. அவள் அவர் தொடையில் தட்டி எண்ணிக் கொடுக்கிறாள்.

சலூனில் யாராவது வைத்தியம் ஆரம்பித்தால் கத்தரிக்கோலை நிறுத்திவிடுகிறார்.

"எனக்கு முடி வெட்டத்தான் தெரியும் அண்ணே. மூச்சுக்கு டாக்டரைப் பாருங்க. இப்ப கொஞ்சம் தலையைக் குனிங்க."