தடுக்கணும் என்றார்கள்

எட்டு வீட்டுக்கும் தண்ணீர் நின்றுபோனதற்குக் காரணம், அந்தக் கட்டடத்திலேயே தண்ணீர்க் குழாயைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள். இருபத்திரண்டு வருடமாகக் குழாய் வேலை பார்ப்பவர். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்கும் பெரிய வால்வை ரெஞ்சால் திருகிப் பார்த்தார். அசையவில்லை. ரெஞ்சின் பிடியில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி, உடம்பு முழுவதையும் அதன்மேல் போட்டு அழுத்தினார். தன் கையாட்கள் யாராவது இப்படிச் செய்தால் அன்று முழுக்கத் திட்டித் தீர்ப்பார். வால்வு மூடிக்கொண்டது. மூடின கையோடு அதன் தண்டு உடைந்து அவர் கைக்கு வந்தது.

கீழே இரண்டாவது மாடியில், அவருடைய பதினேழு வயது மகள் முழங்கைவரை சோப்பு நுரையோடு நின்றுகொண்டிருந்தாள்.

அவளுக்கு ஓசிடி. கதவுப்பிடியைத் தொட்டால் கழுவ வேண்டும். கழுவினது சரியாக இல்லை என்று தோன்றினால் முதலிலிருந்து கழுவ வேண்டும். புறங்கை இரண்டும் வெடித்து, மடக்கினால் ரத்தம் கசியும். அம்மா ஓடிப்போய்க் குடிதண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அது ஆகாது, ஓடுகிற தண்ணீர்தான் வேண்டும். புது வால்வு வாங்கி மாட்டி முடிக்க மூன்றரை மணி நேரமானது. அதுவரை அவள் கையை எதன்மீதும் படாமல் முன்னால் நீட்டிக்கொண்டு குளியலறை நடுவில் நின்றாள். சோப்பு காய்ந்து, கைகள் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துப்போயின.

மாடிப்படியில் ஏழு வீட்டுக்காரர்களும் கூடி நின்று அவருக்கு நல்லது சொன்னார்கள்.

"குழாய்க்காரர் வீட்டுக்குப் பக்கத்துல குடி வந்தா தண்ணிக் கவலை இல்லன்னு நெனச்சேன்," என்றார் மேல்வீட்டு வாத்தியார். "என் மேலதான் தப்பு."

அன்றிலிருந்து அந்தக் கட்டடத்தில் அவர் பெயர் 'வால்வு'.

அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். பெண் சிகிச்சைக்குப் போக மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். ஐந்து மாதம் வரிசையில் காத்திருந்து கிடைத்த இடம் அது. தொடர்ந்து இரண்டு வாரம் வராவிட்டால் அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். ஒரு வியாழக்கிழமை ஏற்கெனவே போய்விட்டது. அடுத்த வியாழனுக்கு மூன்று நாள் இருந்தபோது, அவரும் மனைவியும் மட்டும் சிகிச்சையாளர் முன்னால் போய் உட்கார்ந்தார்கள். மகள் வயதுக்குப் பத்து வயது கூட இருந்தால் அதிகம், அந்தச் சிகிச்சையாளருக்கு. பள்ளிக்கூடத்தில் முட்டி போட்டவன் மாதிரி உட்கார்ந்திருந்தார் வால்வு.

"நான் என்ன சார் சொல்லியிருந்தேன்?"

"கழுவறதைத் தடுக்கணும்னு சொன்னீங்க மேடம்."

"யார் தடுக்கணும்னு சொன்னேன்?"

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி சுவரிலிருந்த நாட்காட்டியைப் பார்த்தாள், அதில் ஏதோ அவசரமான தேதி இருப்பதுபோல.

"எங்க தொழில்ல தடுக்கறதுன்னா வால்வை மூடறதுதான் மேடம்," என்றார். சொன்ன பிறகு, இதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. அவர் சொல்லுகிற பெரும்பாலானவற்றுக்கு அது பொருந்தும்.

"அவதான் சார் தடுக்கணும். கதவைத் தொட்டுட்டு, கழுவணும்னு மனசு அடிச்சுக்கும்போது, ரெண்டு நிமிஷம் கழுவாம இருந்து பாக்கணும். அடுத்து அஞ்சு நிமிஷம். எதுல ஆரம்பிக்கறதுன்னு அவளே எழுதிக் குடுத்தா. மூணாவது படி வரைக்கும் வந்திருந்தா. நீங்க தண்ணியை நிறுத்தினீங்களே, அதுல அவ என்ன கத்துக்கிட்டா? தண்ணி இல்லன்னா கழுவ முடியாதுன்னு. அது அவளுக்கு முன்னாடியே தெரியும்."

"பேசாம ஆஸ்பத்திரில சேத்துடலாமா? இல்ல, மாத்திரை மட்டும் குடுத்தா?"

"மாத்திரையை மனநல டாக்டர் பாத்துக் குடுப்பார். இந்தப் பயிற்சியோட சேத்துக் குடுத்தா நல்லாவே உதவும். தங்கிப் பாக்கற வார்டும் இருக்கு. அங்கயும் இதே பயிற்சிதான், இதே ரெண்டு நிமிஷந்தான். எங்க போனாலும் அவ வரணும். இப்ப அவ எங்களையே நம்பல. நான் சொல்லித்தான் நீங்க மூடினீங்கன்னு நெனக்கறா."

"அப்ப, என்னால அவளுக்கு அதிகமாயிடுச்சா மேடம்?"

"இதை இன்னைக்கு நாலாவது தடவையா கேக்கறீங்க."

"நீங்க பதில் சொல்லலையே."

"இல்லன்னு சொன்னா எவ்வளவு நேரம் நிம்மதியா இருப்பீங்க? பஸ் ஸ்டாப் வரைக்கும்?"

"அவ்வளவு தூரமெல்லாம் தாங்காது," என்றாள் மனைவி. அந்த அறையில் அவள் பேசிய முதல் வாக்கியம். "லிப்ட்லயே என்னைக் கேப்பாரு."

சிகிச்சையாளர் சிரிக்கவில்லை. "கை சுத்தமா இருக்கா, சுத்தமா இருக்கான்னு அவ உங்களை நாப்பது தடவை கேக்கறால்ல? நீங்களும் சுத்தம்டான்னு சொல்லி நோய்க்குத் தீனி போட்டீங்க. இனி அவ கேட்டா தெரியாதுன்னு மட்டும் சொல்லுங்க. இப்ப நீங்க கேக்கறதும் அதே கேள்விதான் சார்."

லிப்ட்டில் அவர் கேட்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். பஸ்ஸில் உட்கார்ந்ததும் கேட்டார்.

"எனக்குத் தெரியாதுங்க," என்றாள் மனைவி.

"உனக்கு என்ன தோணுது, அதைச் சொல்லு."

"தெரியாதுன்னு மட்டும் சொல்லுங்கன்னு அந்த மேடம் சொல்லிக்குடுத்தாங்களே."

"அது அவ கேட்டா சொல்றதுக்கு."

"உங்களுக்கும் சேத்துத்தான்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்கப்புறம் அவர் பேசியதெல்லாம் அவளுடைய பின்னல் சடையோடுதான்.

வீட்டில் மகள் அவரிடம் பேசுவதையே விட்டிருந்தாள். முன்பெல்லாம் அவரை 'யோவ் அப்பா' என்பாள், ஒருமையில் அதட்டுவாள். இப்போது அம்மா வழியாக மரியாதையோடு தாக்கீது வந்தது. "அம்மா, அவங்களை வழியை விட்டுத் தள்ளி நிக்கச் சொல்லு." அந்த 'அவங்க' ஒவ்வொரு தடவை வரும்போதும் அவருக்கு வாய்வு பிடித்த மாதிரி விலாவில் குத்தியது.

புதன்கிழமை மத்தியானம், மனைவி கடைக்குப் போயிருந்த நேரம், குளியலறைக்குள் வாளி நிரம்புகிற சத்தம் கேட்டது. கதவு பாதி திறந்திருந்தது. எட்டிப் பார்த்தார். மூன்று வாளி, துணி ஊறவைக்கிற பெரிய தொட்டி, காலி எண்ணெய் டின், எல்லாம் விளிம்புவரை தண்ணீர். நான்காவது வாளி நிரம்பிக்கொண்டிருந்தது.

"எதுக்கும்மா இவ்வளவு?"

வாளியிலிருந்து அவள் கண்ணை எடுக்கவில்லை. அவர் வாசலிலேயே தரையில் உட்கார்ந்தார். எத்தனையோ குளியலறையில் உட்கார்ந்து வேலை பார்த்த மனிதருக்கு, சொந்தக் குளியலறை வாசலில் காலை எப்படி மடக்குவது என்று தெரியவில்லை.

"அந்த மேடம் மூடச் சொல்லல. அவங்க மேல ஒரு தப்பும் இல்ல. அவங்க தடுக்கணும்னு சொன்னதை நான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன். படிக்காத மண்டை. தடுன்னா எனக்கு வால்வுதான் ஞாபகம் வரும்."

மகள் குழாயை மூடினாள். திரும்பி நேராக அவர் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்க ஒண்ணும் தப்பாப் புரிஞ்சுக்கல."

"இல்லம்மா, நிஜமா—"

"அன்னைக்கு நான் உள்ள போய் அம்பது நிமிஷம் ஆச்சு. நீங்க வேலைக்குக் கிளம்பணும். கதவை மூணு தடவை தட்டினீங்க. மூணாவது தடவை காலால. அப்புறம் மேல போனீங்க. கோவத்துல மூடினீங்க. அவங்க சொன்ன வார்த்தை அப்ப உங்களுக்கு ஞாபகமே இல்ல. தண்டு உடைஞ்சப்புறம்தான் வந்திருக்கும்."

அவர் வாயைத் திறந்தார். பத்து நாளாக ஏழு வீட்டுக்கும், ஒரு சிகிச்சையாளருக்கும், கடையில் வால்வு விற்றவனுக்கும் சொல்லிச் சொல்லி மெருகேறியிருந்த அந்தத் 'தடு' கதை இவளிடம் செல்லவில்லை. ரெஞ்சில் இரும்புக் குழாயைச் செருகியபோது தன் பல் எப்படி நறநறத்தது என்பது அவருக்குத் தெரியும். அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும்தான் எல்லோரிடமும் சொல்லியிருந்தார்.

"ஆமா," என்றார். "கோவந்தான்."

அவள் வெடித்த விரல்களை விரித்துப் பார்த்துக்கொண்டாள்.

"அதனால உனக்கு அதிகமாயிடுச்சாம்மா?"

கேட்டபின்தான், தெரியாது என்று இவளும் சொல்லிவிடுவாள் என்று பயம் வந்தது.

"ஆயிடுச்சு," என்றாள் மகள். "முன்ன கை அழுக்குன்னு மட்டுந்தான் பயம். இப்ப கழுவும்போது பாதியில தண்ணி நின்னுடும்னு வேற பயம். அது உங்களால வந்தது. நாளைக்கு அங்க போய் அதையும் எழுதிக் குடுக்கப்போறேன். அம்மாவோட போறேன். நீங்க வராதீங்க."