காரணம்: சும்மா

1

ஒத்துக்கொண்டே தொடங்குகிறேன்: இந்தக் கதை ஒரு தப்பான சொல்லில் பிறந்தது. அந்தச் சொல்லைக் கொடுத்தவன் நான்.

சங்ககிரியில் ஒரு லாரி ஆபீஸில் வேலை பார்க்கும் அகல்யா, என் சித்தப்பா மகள், போன மாதம் கூப்பிட்டாள். "ஏனுங்ண்ணா, சும்மாங்கறதுக்கு இங்கிலீசுல என்னங்க?"

ஜிபிஎஸ் அறிக்கையில் வண்டி நின்ற ஒவ்வொரு இடத்துக்கும் எதிரே 'காரணம்' என்றொரு கட்டம் உண்டு. ஆங்கிலத்தில்தான் நிரப்ப வேண்டும். டீ, டயர், சாப்பாடு என்று நிரப்பிக்கொண்டு வந்தவள் டிரைவர் கந்தனிடம் மாட்டிக்கொண்டாள். மனிதர் மூன்று நாளாக, மத்தியானம் மூன்றேகாலுக்கு, பைபாஸில் ஒரே இடத்தில் பதினோரு நிமிடம் நின்றிருக்கிறார். கேட்டால் சும்மா என்றாராம்.

எழுதுகிறவன் என்ற மிதப்பில் அள்ளி விட்டேன். இல்லாஜிகல் என்றால் வாத்தியார் திருத்துவதுபோல் இருக்கும். அப்சர்ட் என்றால் சிரிப்பார்கள். சென்ஸ்லெஸ் என்றால் மயங்கி விழுந்தார் என்று நினைத்துக்கொள்வார்கள். இர்ரேஷனல் போடு, புத்திக்கு ஒட்டாதது என்று அர்த்தம், கௌரவமாக இருக்கும்.

போட்டாள். மறுநாளே தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு: மனநிலை சரி என்று டாக்டர் எழுதித் தரும்வரை இவர் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. இருபத்தாறு வருடம் லாரி ஓட்டியவர்.

2

கந்தனை எழுதும்போதுதான் கை தடுமாறுகிறது. முதல் வரைவில் அவருக்கு ஒரு ரகசியம் வைத்தேன்: பல வருடத்துக்கு முன் அதே இடத்தில் அவருடைய தம்பி

(அடித்துவிட்டேன். அவருக்குத் தம்பியே கிடையாது. காரணமில்லாத மனிதனைக் கண்டால் எழுதுகிறவர்களுக்குக் கை சும்மா இருக்காது.)

நடந்தது இதுதான். வண்டி இல்லாமல் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருந்தவரிடம் அகல்யா போய், நிஜமாகவே ஏன் நின்றீர்கள் என்று கேட்டாள்.

"நா அங்க நிக்கவே இல்லீங்க சாமி. நீங்க கம்ப்யூட்டர்ல காட்டுனீங்க. இல்லைன்னா பொய்யிம்பீங்க. அதான் சும்மான்னேன்."

3

அன்றைக்கே அகல்யா ஒரு வழி கண்டுபிடித்தாள். ஜிபிஎஸ் கருவியில்தான் கோளாறு என்று காட்டிவிட்டால் கந்தனுக்கு வண்டி திரும்பக் கிடைத்துவிடும். ஆபீஸ் காரிலும் அதே கருவிதான். மறுநாள் மூன்று மணிக்கு அவளே அதை ஓட்டிக்கொண்டு கிளம்பினாள். சாட்சிக்கு நான், ஸ்பீக்கர் போனில்.

மலை தெரிகிறது என்றாள். சாலை நடுவில் அரளிச்செடி வரிசை, ஆள் நடமாட்டம் இல்லை என்றாள். "தாண்டிட்டனுங்ண்ணா. நிக்கல." பேச்சு ஓர் இடத்திலும் அறுபடவில்லை, எந்தக் கோயிலிலும் சத்தியம் செய்வேன். இரண்டு நிமிடம் பேசியிருப்போம்.

வைத்த பிறகு போனைப் பார்த்தேன். பதின்மூன்று நிமிடம் என்றிருந்தது, பதினோரு நிமிடம் கூடுதல். பேச ஆரம்பிக்கும்போது ஆவி பறந்த காபி ஆடை கட்டி ஆறிப்போயிருந்தது. அவள் பைபாஸில் இருந்தாள், சரி. நான் சேலத்தில், என் வீட்டு நாற்காலியில் இருந்தேன். எனக்குப் பயமாக இருந்தது.

4

முடிவு ஒன்று: கருவி கோளாறு என்று அறிக்கை போகிறது, கந்தன் லாரி ஏறுகிறார். (என் காபிக்கு யார் பதில் சொல்வது?)

முடிவு இரண்டு: அந்த இடத்தில்

(இங்கே நிறுத்தியதாக எனக்கு நினைவில்லை. நிமிர்ந்தபோது ஜன்னல் வெயில் சுவருக்குப் போயிருந்தது.)

மூன்றாவதை நான் எழுதவில்லை, அதுவாகவே வந்தது. அகல்யா இன்று கூப்பிட்டாள். அறிக்கையில் இப்போது அவள் பெயரும் வந்திருக்கிறது: ஆபீஸ் கார், பதினோரு நிமிடம், காரணம் காலி. ஐந்து மணிக்குள் அனுப்பியாக வேண்டும்.

"டீன்னு போட்டா நான் தப்பிச்சுக்குவனுங்ண்ணா. அப்பறம் கந்தண்ணன் மட்டுந்தான் பைத்தியம். நிக்கலைன்னு போட்டா என்னையும் டாக்டர்கிட்ட அனுப்புவாங்க." பிறகு கேட்டாள்: "சாட்சின்னு உங்க பேரைப் போட்டுக்கட்டுங்களா?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். சொல்லியிருக்கக் கூடாது, வெட்கமாக இருக்கிறது. போன முறை கேட்டவுடன் அத்தனை சொல் கொடுத்தவன், இந்த முறை என் பெயரைக் கொடுக்கத் தயங்குகிறேன்.

கட்டம் இதோ. நீங்கள் நிரப்புங்கள்.

காரணம்: ______________

டீ என்று எழுதும் முன் ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். இந்தக் கதையைப் படிக்க நான்கு நிமிடத்துக்கு மேல் ஆகாது. கடிகாரத்தைப் பாருங்கள்.