பொட்டலத்தில் வானம்

அந்தப் பாட்டை எழுதிய காலத்தில் ராபின் ஒரு பீடிகூடப் பிடித்தவனில்லை. பீடி சுற்றிப் பிள்ளைகளை வளர்த்த தாய்க்குப் பிறந்தும் அந்த வாசமே அவனுக்கு ஆகாது.

திசையன்விளைப் பக்கத்திலிருந்து அக்கா நதியாதான் அவனைத் திருப்பூருக்கு அழைத்து வந்தாள். ஒரே பனியன் கம்பெனியில் அவள் செக்கிங், அவன் ஓவர்லாக் டெய்லர். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் இருவரும் சேர்ந்து பாடுவார்கள். அதை யாரோ சொல்லக் கேட்டு, சேவூர்க்காரரான பூபாலன் ஒருநாள் அவர்கள் குடியிருந்த லைன் வீட்டுக்குத் தேடி வந்தார். கோயில் திருவிழாக்களில் மெல்லிசைக் கச்சேரி நடத்தும் குழு ஒன்று அவரிடம் இருந்தது. அதன்பின் லீவு நாட்களில் அக்காவும் தம்பியும் மேடையில் நின்றார்கள்.

"மெலடியே பாடிட்டிருந்தா கூட்டம் எந்திரிச்சுப் போயிருதுங்க தம்பி," என்றார் பூபாலன் ஒருமுறை. "நடுவுல சிரிக்கிற மாதிரி ஒண்ணு வேணுமுங்க."

ராபின் எழுதினான். கஞ்சாப் பொட்டலம் ஒன்றைப் பிரித்தவன் கரண்டுக் கம்பத்தை மாமனார் என்று நினைத்துச் சண்டை போடுகிற பாட்டு. 'வானத்தையே மடிச்சு வச்சான் பொட்டலத்துல' என்று தொடங்கும். பாதிக் கண்ணை மூடி, காலை இழுத்து இழுத்து நடந்து, நாக்குக் குழறப் பாடுவான். அடிக்கு அடி நதியா பின்னாலிருந்து 'ஆமாம் ஆமாம்' என்று எடுத்துக் கொடுப்பாள். முதல் தடவை பாடிய ஊரிலேயே மூன்று முறை திரும்பப் பாடச் சொன்னார்கள். அப்புறம் அந்தப் பாட்டில்லாமல் கச்சேரி முடியாது என்றாயிற்று. பையன்கள் செல்போனில் பதிவு செய்து ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். காலையில் ஆள் ஏற்றப் போகும் கம்பெனி வேன்களில் அது கேட்டது.

ராபினுக்குப் பேர் வந்தது. பேரோடு காணிக்கையும் வந்தது. ஒவ்வொரு ஊரிலும் பாட்டு முடிந்ததும் மேடைக்குப் பின்னால் நாலு பேர் வந்து நிற்பார்கள். பவ்வியமாக அவன் கையில் ஒரு பொட்டலத்தை வைப்பார்கள். அவன் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுப்பான்.

"போடாமயே இப்பிடிப் பாட முடியுமாங்ண்ணா? சும்மா சொல்லாதீங்க," என்பார்கள்.

பழக்கமே இல்லாதவன் அவன் என்பதை ஒருவரும் நம்பவில்லை. நம்பவைக்கும் ஆசையும் மெல்ல அவனை விட்டுப் போயிற்று. ஏதோ ஓர் ஊரில் அவன் திருப்பிக் கொடுக்கவில்லை.

துணி துவைக்கும்போது நதியாவுக்குத் தெரிந்தது. "ஏல, சட்டையில என்ன வாசம்?"

"அங்கன எல்லாரும் இழுக்காவ. பக்கத்துல நின்னா ஒட்டத்தான செய்யும்."

சில மாதங்களில் இந்தப் பொய்யும் தேவைப்படவில்லை. அவளிடம் நேராகவே சொன்னான். சொல்லும்போது சாமி கும்பிட்டு வந்தவன் முகம் போலிருந்தது. "அது உள்ள போனா ஒவ்வொரு சத்தமும் தனித்தனியா வந்து நிக்கிக்கா. தபலா ஒரு பக்கம், கீபோர்டு ஒரு பக்கம், நான் நடுவுல. இத்தனை நாளும் பாட்டுன்னா என்னன்னு தெரியாமத்தான் பாடியிருக்கேன்."

"சர்ச்சுல பாடுனதெல்லாம் என்னது?"

"அது சின்னப்புள்ளத்தனம்."

ஒருநாள் ஒரு சி.டி.யைக் கொண்டுவந்து போட்டான். முந்தின வாரக் கச்சேரி. தன் வாழ்நாளில் அப்படிப் பாடியதில்லை என்றான். நதியா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து கேட்டாள். முதல் அடியை அவன் பிந்தித் தொடங்கியிருந்தான். மேலே போக வேண்டிய இடத்தில் குரல் எட்டாமல் தொங்கியது. சரணத்தில் தாளம் ஒரு வழியும் அவன் ஒரு வழியுமாகப் போனார்கள்.

"சுருதி சேரல ராபின். தாளத்தையும் விட்டுட்ட."

அவன் கோபப்படவில்லை. பாவம் என்பதுபோல அவளைப் பார்த்தான். "உனக்குக் கேக்கல," என்றான்.

அவன் திட்டியிருந்தால் அவளும் பதிலுக்குத் திட்டியிருக்கலாம். அவன் தன் காதை நம்பிப் பேசுகிறான். கெட்டுப்போனதே அந்தக் காதுதான். இதை யாரை வைத்து, எதைக் காட்டி அவனுக்குப் புரியவைப்பது?

பிறகு அவன் தூங்குவது குறைந்தது. ஓடுகிற ஃபேனை எழுந்து எழுந்து நிறுத்தினான். தையல் மிஷின்கள் தன் பேரைச் சொல்வதாகச் சொன்னான். "செக்கிங் டேபிள்ல எல்லாரும் என்னையப் பத்தித்தான பேசுதாவ? மறைக்காமச் சொல்லு," என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டான். தூக்கம் கெட்டதால் வந்த கோளாறு என்று நினைத்தாள். அம்மா ஊரிலிருந்து ஜெபித்த எண்ணெய் கொடுத்தனுப்பினாள். நதியா தினமும் அவன் நெற்றியில் அதைத் தடவிவிட்டாள். அவன் நெற்றியைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு அவர்கள் கம்பெனியிலேயே கச்சேரி. மிஷின்களுக்கெல்லாம் சந்தனம் வைத்து, வாசலில் வாழை கட்டி, பொரியும் சுண்டலும் கொடுத்தாயிற்று. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு காம்பவுண்டுக்குள் மேடை. கீழே இருந்தவர்கள் அத்தனை பேரும் தினமும் பார்க்கிற முகங்கள். இன்றைக்கு அவனைப் பாடவிட வேண்டாம் என்று நதியா பூபாலனிடம் கெஞ்சிப் பார்த்தாள்.

"நம்ம கம்பெனிக்காரங்க அம்மிணி. அந்த ஒரு பாட்டு இல்லீன்னா உடமாட்டாங்க. அது ஒண்ணோட எறக்கி உட்டறலாமுங்க," என்றார்.

இரண்டாம் சரணம் வரை பாடினான். அப்புறம் நின்றான். மேடை ஓரத்து ஸ்பீக்கர் பெட்டியைத் திரும்பிப் பார்த்தான்.

"யாரு அது?" என்றான் மைக்கில். கூட்டம் சிரித்தது.

பெட்டியருகே மண்டியிட்டுக் காதை வைத்தான். முகம் கோணிற்று. "நான் செய்யல. அம்மா மேல சத்தியமா நான் ஒண்ணும் செய்யல," என்று கையெடுத்துக் கும்பிட்டான். விசில் பறந்தது. டிரம்ஸ்காரர் இதுவும் நடிப்புதான் என்று நினைத்து, அவன் ஒவ்வொரு தடவை கதறியதற்கும் ஒரு அடி போட்டார்.

நதியா மைக்கை எடுத்தாள். "பாட்டை நிறுத்துங்க. அவனுக்கு நெசமாவே முடியல."

வழக்கமாக 'ஆமாம் ஆமாம்' சொல்கிறவள் புதிதாக ஒன்று சேர்த்திருக்கிறாள் என்று கூட்டம் இன்னும் சிரித்தது. "நெசமாத்தான் சொல்லுதேன்," என்றாள். அதற்கும் கை தட்டினார்கள். பேசப் பேச அவள் பேச்சும் பாட்டோடு சேர்ந்துபோயிற்று. ராபின் நெற்றியைப் பெட்டியின் இரும்பு முனையில் இடித்தான். மறுபடி இடித்தான். ரத்தம் மூக்கில் இறங்கியதைப் பார்த்த முன்வரிசைப் பெண்கள்தான் முதலில் எழுந்தார்கள். பின்னால் அப்போதும் ஒருவன் 'ஒன்ஸ் மோர்' கேட்டுக்கொண்டிருந்தான்.

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் நிதானமாகச் சொன்னார். "எல்லாருக்கும் இப்படி ஆகாதும்மா. சிலருக்கு மூளை தாங்காது. யாருக்குத் தாங்காதுன்னு முன்னாடியே கண்டுபிடிக்க முடியாது. மாத்திரையை நிறுத்தக் கூடாது. கஞ்சாப் பக்கம் திரும்பவும் போகவே கூடாது."

வீட்டுக்கு வந்த ராபின் அமைதியாக இருந்தான். முகம் ஊதி, நடை மந்தமாகி, கேட்டதற்குக் கொஞ்சம் பொறுத்துப் பதில் சொன்னான். மிஷின் சத்தம் ஆகவில்லையென்று வேலைக்குப் போகவில்லை. ஒரு சாயங்காலம் தானாக ஏதோ முனகிப் பார்த்துவிட்டு நிறுத்தினான்.

"எல்லாச் சத்தமும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கெடக்குக்கா. பசை மாதிரி. மாத்திரையாலதான்."

"கொஞ்ச நாள் போனாச் சரியாயிரும்ல."

"சரியாகாட்டி?"

அவன் மாத்திரையை நாக்கடியில் ஒதுக்கி வைத்துவிட்டுப் பின்னால் போய்த் துப்புவதைப் பக்கத்து வீட்டுக்காரி பார்த்துச் சொன்னாள். காலையில் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு நதியா வேலைக்குப் போனாள். மதியத்து மாத்திரைக்கு அவள் எங்கே வர முடியும்?

பழங்கள் வாங்கிக்கொண்டு பூபாலன் வந்தார். உள்ளே படுத்திருந்தவனை எட்டிப் பார்த்துவிட்டு வாசலிலேயே உட்கார்ந்தார்.

"அந்தப் பாட்டை இனிமே யாரையும் பாட விடாதீங்கண்ணே," என்றாள் நதியா.

"நம்ம குழுவுல அன்னைக்கே நிறுத்திப்போட்டனுங்க," என்றார். "ஆனா இப்ப அது நம்ம பாட்டு இல்லீங்க அம்மிணி. தாராபுரத்துக் குழு பாடுது, பல்லடத்துல ஒருத்தன் வார்த்தையை மாத்திப் பாடறான். யாருகிட்டப் போயி நிறுத்தச் சொல்றதுங்க?" முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு எழுந்து போனார்.

தை பிறந்த பிறகு ஒருநாள் வேலை முடிந்து வந்தபோது வீடு திறந்து கிடந்தது, ராபின் இல்லை. போலீஸ் ஸ்டேஷனில் எழுதி வாங்கிக்கொண்டார்கள். வயசு வந்த ஆம்பளை, வந்துவிடுவான் என்றார்கள். பங்குனியில், உடன் வேலை செய்யும் பெண்ணொருத்தி சொந்த ஊருக்குப் போய் வந்து சொன்னாள். குண்டடத்துப் பக்கம் ஒரு கோயில் திருவிழா, ஒட்டியிருக்கும் போஸ்டரில் ராபின் படம், கீழே அந்தப் பாட்டின் முதல் வரி.

நதியா லீவு போட்டுவிட்டு பஸ் ஏறினாள். போய்ச் சேரும்போது வெயில் தாழ்ந்திருந்தது. அறுவடை முடிந்த வயலில் மேடை போட்டு மைக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். கோயில் கமிட்டிக்காரர் தங்கவேலு அவள் யாரென்று தெரிந்ததும் ஓடிவந்தார்.

"பாடகரோட அக்காளுங்களா? வாங்க, உக்காருங்க. டேய், அம்மாவுக்குக் கலர் சோடா கொண்டா."

"அவனுக்கு உடம்பு சரியில்லங்க. பாடக் கூடாது. நான் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன்."

"அதெப்படிங்க. நோட்டீஸ் அடிச்சாச்சு, சுத்துப்பட்டு சனமெல்லாம் அவருக்கோசரம் வருது. நாளைக்கு நாங்களே வேன் வெச்சு அனுப்பறமுங்க."

ராபின் வந்தான். கன்னம் ஒட்டி, கண் சிவந்து, நெற்றித் தழும்பு மினுங்க, சந்தோஷமாக வந்தான். "சாப்பிட்டியாக்கா?"

"வீட்டுக்கு வால."

"வாரேன். இன்னைக்கு மட்டும் இருந்து கேட்டுட்டுப் போ. இப்ப எல்லாம் தனித்தனியா வந்துட்டு. நீ கேட்டா உனக்கே தெரியும்."

பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துக் கொடுத்தாள். நல்ல பிள்ளையாக வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். அவள் விரல்களை ஒவ்வொன்றாக, வலிக்காமல் எடுத்துவிட்டான். மேடைக்குப் பின்னாலிருந்து யாரோ 'அண்ணா' என்று கூப்பிட்டார்கள். போய்விட்டான். கொஞ்ச நேரத்தில் பின்பக்கத் துணிக்கு மேலே புகை எழுந்தது. தங்கவேலுவும் பார்த்தார். பார்த்துவிட்டுப் பந்தலின் விளக்குகளைச் சரிசெய்யப் போனார்.

கூட்டம் சேர்ந்ததும் மைக்கில் அவள் வந்திருப்பதை அறிவித்தார்கள். ஒருவர் வந்து அவள் தோளில் ரோஸ் நிறத் துண்டு ஒன்றைப் போர்த்தினார். வயல் முழுக்கக் கை தட்டியது. எல்லோரும் பார்த்ததால் நதியா எழுந்து கும்பிட்டாள். மேடையில் ராபினும் தட்டிக்கொண்டிருந்தான்.

"உக்காருங்கம்மணி, பாட்டு ஆரம்பிக்கறாங்க," என்றாள் பக்கத்திலிருந்தவள்.

நதியா உட்கார்ந்தாள்.