அண்டாவின் நடுவில் இருந்த சூடு

மாஸ்டரின் சாப்பாட்டுக் கடையில் ஓர் அண்டா இருந்தது. உள்ளே இறங்கித் தேய்த்தால்தான் அடி சுத்தமாகும், அத்தனை பெரியது. முந்தின நாள் சாயங்காலமே அதில் இறைச்சிக் குழம்பு கொதித்துவிடும். கொதித்ததும் அடுப்பை அணைத்து, மூடியைப் போட்டு அப்படியே விட்டுவிடுவார். "விடிய விடிய ஊறினாத்தான் கறிக்குள்ள மசாலா இறங்கும்" என்பது அவர் கட்சி. மறுநாள் லேசாகச் சூடு காட்டுவதோடு சரி. மறுபடி கொதித்தால் கறி கரைந்துவிடுமாம். மதிய மணி அடித்ததும் எதிரே இருந்த தையல் ஆலையே திரண்டு வந்து அவர் கடைக்குள் நிற்கும்.

அண்டாவுக்கு அடுத்தபடியாக அவர் பீற்றிக்கொள்வது தன் தங்கையைப் பற்றி. உணவுப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை. அங்கே என்ன வேலை என்று கேட்டால், "கிருமி வளர்க்கிறா" என்பார்.

"நாய், பூனை வளர்க்கிற மாதிரியா?"

"அதைவிட ஒழுங்கா. வேளாவேளைக்குத் தீனி, படுத்துக்கக் கதகதப்பா ஒரு பெட்டி. ராஜபோகம்!"

ஒரு நாள் காலை ஆலையின் மேற்பார்வையாளர் கடைக்கு வந்தார். வழக்கமாக உட்காரும் நாற்காலியில் உட்காரவில்லை.

"மாஸ்டர், பாதிப் பேர் வேலைக்கு வரல. எல்லாருக்கும் வயித்துவலி, பேதி. எல்லாரும் நேத்து மதியம் இங்கதான் சாப்பிட்டிருக்காங்க."

மாஸ்டருக்குச் சுருக்கென்றது. "என் குழம்பைச் சாப்பிட்டா? முதல்ல உங்க ஆலைத் தண்ணித் தொட்டியைக் கழுவி எவ்வளவு காலமாச்சுன்னு பாருங்க!"

அதையே கடைக்கு வந்தவர்களிடமும், தெருவில் போனவர்களிடமும் சொன்னார். மதியத்துக்குள் அதிகாரிகள் வந்தார்கள். மிச்சமிருந்த குழம்பு, வெட்டுப்பலகை, கடைத் தண்ணீர், ஆலைத் தொட்டித் தண்ணீர் என எல்லாவற்றிலும் மாதிரி எடுத்துக்கொண்டு, முடிவு வரும்வரை கடையைத் திறக்கக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

மாதிரிகள் போனது தங்கையின் பரிசோதனைக் கூடத்துக்கு. அவள் தன் மேலதிகாரியிடம், "அது என் சொந்த அண்ணன் கடை. அங்கேயிருந்து வந்த எதையும் நான் தொடமாட்டேன்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாள். ஆலைத் தொட்டியின் தண்ணீர்தான் அவள் கைக்கு வந்தது. அதைக் கேட்டதும் மாஸ்டருக்கு உயிர் வந்தது.

"அப்ப கவலையே இல்ல. நம்ம பொண்ணு பார்த்துக்குவா."

"எதைப் பார்த்துக்குவா?" என்றாள் மனைவி.

அறிக்கையைக் கொடுத்த கையோடு தங்கை கடைக்கு வந்தாள். "தொட்டி சுத்தமா இருக்குண்ணா. நான் சொல்லித்தான் நீ தெரிஞ்சுக்கணும்னு வந்தேன்."

"ஒரு பொட்டு அழுக்குகூடவா கிடைக்கல உனக்கு?"

"இருந்திருந்தா எழுதியிருப்பேன்."

"அண்ணனுக்காக ஒரு வார்த்தை மாத்தி எழுதினா கை தேஞ்சுடுமா?"

"ஏங்க!" என்று அதட்டினாள் மனைவி.

தங்கையின் முகம் சுண்டிப்போனது. ஆனாலும் அவள் எழுந்து போய்விடவில்லை. "கை தேயாது. ஆனா அதுக்கப்புறம் நான் எழுதுற எதையும் யாரும் நம்பக்கூடாது. நீயும் நம்பக்கூடாது." பிறகு, "மதியம் சாப்பிட்டவங்களுக்கு ராத்திரிதான் வயிறு இழுத்துப் பிடிச்சிருக்கு. யாருக்கும் காய்ச்சல் இல்ல, வாந்தியும் இல்ல. ஒரே நாள்ல சரியாயிடுச்சு. எனக்கு ஒரு சந்தேகம் இருக்குண்ணா. இன்னிக்கு வழக்கம்போல குழம்பு வை. யாருக்கும் போட வேண்டாம். காலையில வர்றேன்" என்றாள்.

மாஸ்டர் வீம்புக்குச் சமைத்தார். வீம்புக்குச் சமைத்தாலும் கைப்பக்குவம் குறையவில்லை. பூட்டிய கடையிலிருந்து கிளம்பிய வாசனை தெருவையே திரும்பிப் பார்க்க வைத்தது.

காலையில் நீளமான கம்பி வைத்த வெப்பமானியோடு தங்கை வந்தாள். மாஸ்டர் மூடியைத் திறந்தார். மேலே கொழுப்பு ஆடையாகப் படிந்திருந்தது.

"பார்த்துக்க. ஜில்லுனு ஆறிக் கிடக்கு."

அவள் கம்பியை அண்டாவின் நடுவில் ஆழமாக இறக்கினாள். முள் ஏறியது. அதை நம்பாத மாஸ்டர், கரண்டியை அடிவரை விட்டுக் கோரி, மணிக்கட்டில் ஊற்றிப் பார்த்தார். குழந்தையைக் குளிப்பாட்டும் தண்ணீரைப் போல இதமாக இருந்தது.

"கொதிக்க வெச்சா எல்லாக் கிருமியும் செத்துடாதா?" என்று கேட்டார். குரலில் முன்பிருந்த முறுக்கு இல்லை.

"மத்தது பெரும்பாலும் சாகும். இது ஒரு ஜாதி, கறியிலயே ஒட்டிக்கிட்டு வரும். கொதிக்கிறப்போ கெட்டியா ஓடு கட்டிக்கிட்டு உள்ள தூங்கிடும். இவ்வளவு பெரிய அண்டா சீக்கிரம் ஆறாதில்ல? சூடு மெதுவா இறங்குறப்போ முழிச்சுக்கும். நடுவுல காத்தும் கிடையாது, அதுக்குக் கொண்டாட்டம். விடியுறதுக்குள்ள கோடிக்கணக்குல பெருகிடும். காலையில மறுபடி நல்லாக் கொதிச்சிருந்தா அதெல்லாம் செத்திருக்கும். நீதான் லேசா சூடு காட்டுறியே. லேப்ல நான் பெட்டியில வெக்கிற சூட்டுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இல்லண்ணா."

மாஸ்டர் கவிழ்த்து வைத்திருந்த வாளியின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப நானும்தான் கிருமி வளர்த்திருக்கேன்."

மனைவி சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வேறொருவர் செய்த சோதனையின் முடிவும் வந்தது. மிச்சக் குழம்பிலும், படுத்தவர்களின் வயிற்றிலும் இருந்தது அதே கிருமிதான். சமைக்கும் முறையை மாற்றிக்கொண்டு கடையைத் திறக்கலாம் என்றார்கள். மாஸ்டர் கடையைத் திறக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு ஆலை வாசலுக்குக் கிளம்பினார்.

"அங்க போய் நிக்கணும்னு யாரும் சொல்லலையே" என்றாள் மனைவி.

"நான் சமைச்சதைத் தின்னுட்டு வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உருண்டிருக்காங்க. காரணம் தெரிஞ்ச பிறகு கதவுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கவா?"

மதிய மணி அடித்தது. வெளியே வந்த கூட்டம் அவரைக் கண்டதும் நின்றது. அவர் தலையைக் குனிந்தபடியே, நடந்தது என்ன, தன் தப்பு எது என்று ஒன்றுவிடாமல் சொன்னார். கழுத்தில் அளவு நாடா தொங்க ஒரு பெண் முன்னால் வந்தாள். நோயில் அதிகம் வாடியவள் அவள்தான்.

"தொட்டித் தண்ணின்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சீங்களே!"

"சொன்னேன். தப்புதான். தொட்டியைச் சோதிச்சது என் கூடப்பொறந்த தங்கச்சி. சுத்தமா இருக்குன்னு எழுதிட்டா. எனக்காக மாத்தி எழுதச் சொன்னேன்." அதுவரை குனிந்திருந்த தலை நிமிர்ந்தது. "முடியாதுன்னுட்டா."

அவருக்கு அது ஒரு தடவை சொன்னால் போதாது போலிருந்தது. "என் முகத்துக்கு நேரா, முடியாதுன்னுட்டா!"

தெருவின் மறுபக்கத்தில் அண்ணியோடு நின்றிருந்த தங்கை, கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தாள்.

"சரி, இனிமே எப்படிச் சமைப்பீங்க?" என்று கேட்டாள் நாடா போட்ட பெண்.

"மதியத்துக்கு அன்னிக்குக் காலையிலதான் சமையல். மிச்சமானா அகலத் தட்டுல மெல்லிசா ஊத்தி, ஐஸ் தண்ணியில வெச்சு உடனே ஆற வெச்சுக் குளிர்பெட்டியில வெச்சிடுவோம். திரும்ப எடுத்தா தளதளன்னு கொதிக்கணும்."

"கறி கரைஞ்சு போகுமே?"

"கரையட்டும்மா. கரைஞ்ச கறியைத் தின்னு யாரும் படுத்ததில்ல."

முதலில் சிரித்தது அந்தப் பெண்தான்.

கடை திறந்த முதல் நாள் நாற்காலிகள் காத்தாடின. மறுநாள் அளவு நாடாக்காரி தன் தோழிகளோடு வந்தாள். அப்புறம் கூட்டத்துக்குக் குறைவில்லை. இடம் கிடைக்காமல் ஆட்கள் நின்றுகொண்டிருந்த ஒரு மதியம், தங்கை பரிசோதனைக் கூடத்து நண்பர்களோடு உள்ளே நுழைந்தாள். மாஸ்டர் அடுப்பை விட்டுவிட்டு, ஈரக் கையைத் துடைத்தபடி வெளியே வந்தார். கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

"எல்லாரும் பாருங்க. இவதான் என் தங்கச்சி. உன் குழம்புல கிருமி இருக்குன்னு என்கிட்டயே சொன்னவ!"

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களின் கை அப்படியே நின்றது.

"பழைய குழம்புல! பழைய குழம்புல!" என்று கல்லாவிலிருந்து கத்தினாள் மனைவி.