பவனுக்கு ஒரு விகுதி

1

இந்தக் கதை இரக்கத்தில் பிறக்கவில்லை, இலக்கணத் தகராறில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலேசியாவில், அலோர் காஜாவில் எங்கள் பக்கத்து வீடு கமலவேணி ஆன்ட்டியுடையது. அவருடைய ஒரே பிள்ளை பவன். பக்கத்தில் செங் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. கண்ணில் மை, மேலுதட்டில் மெல்லிய மீசை. நான் கதை எழுதுகிறவள் என்று தெரிந்து, பவன் வேலியோரம் நின்று கேட்டது இதுதான்:

"அக்கா, என்னையப் பத்தி எழுதுங்க லா. ஆனா அவன்னு போடாதீங்க. அவள்னும் போடாதீங்க. ரெண்டும் நான் இல்ல."

இதென்ன பெரிய விஷயம், எழுதுகிறேன் என்று வாயை விட்டுவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: பவனுக்குப் பல நாளாகத் தூக்கமில்லை. வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் நெஞ்சு படபடக்க, வாசலிலேயே உட்கார்ந்துவிட்டா

(ன் போட்டாலும் சண்டை, ள் போட்டாலும் சண்டை. விட்டுவிட்டேன்.)

இரண்டாம் தொடக்கம்: பவன் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மரியாதையாகத்தான் இருந்தது. ஆன்ட்டியிடம் படித்துக் காட்டினேன்.

"அவருன்னா என் வீட்டுக்காரரச் சொல்ற மாதிரி இருக்கும்மா. நான் பெத்தது அது."*

* 'புள்ள சாப்பிட்டுச்சா, குளிச்சிச்சா' என்று பெற்றதை அஃறிணையில் வைத்துக் கொஞ்சுவது நம் வழக்கம். தொழிற்சாலை கேன்டீனில் பவனைப் பார்த்து நம் ஆட்கள் சொன்னதும் இதே சொல்தான்: "அது வருது பாரு." அன்றைக்குத்தான் பவனுக்குத் தூக்கம் போனது. எனக்குக் கோபம் வருகிறது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

மூன்றாம் தொடக்கத்தை எழுத முடியவில்லை. அதற்குள் பவன் என்னிடம் சொன்னது: "தூங்குனா எந்திரிக்காமலே இருந்துட்டா நல்லாருக்கும்க்கா."

கதையை மூடிவைத்துவிட்டு, ஆன்ட்டியையும் பவனையும் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்கு ஓடினேன்.

3

டாக்டர் மலாய்க்காரப் பெண். ஆன்ட்டி மலாயில் கொட்டித் தீர்த்தார். "டியா தாக் போலே தீடோர், டாக்டர். டியா தாக்குட்." தூக்கம் வரவில்லை, பயமாக இருக்கிறது என்கிறார். மலாய்க்காரர்களுக்கு அவனும் டியா, அவளும் டியா. பவனின் தோள் மெல்லத் தளர்வதைப் பார்த்தேன். பொறாமையாக இருந்தது. என் மொழிக்கு ஏன் இது வரவில்லை?

(இந்த இடத்தில் கதையை முடித்திருக்கலாம். அழகாக இருந்திருக்கும்.)

தமிழில் என்றால் ஆன்ட்டிக்குச் சுலபமாக இருக்கும் என்று டாக்டர் தமிழ் நர்ஸைக் கூப்பிட்டார். நல்ல மனசு. நர்ஸும் அன்பாகத்தான் கேட்டார்.

"சொல்லுங்கம்மா, மகனுக்கு என்னா செய்யுது?" பிறகு மை தீட்டிய கண்ணைப் பார்த்துவிட்டு, "இல்ல... மகளா?"

ஆன்ட்டி என்னைப் பார்த்தார், நான் நர்ஸைப் பார்த்தேன். நாங்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் பவனின் நாற்காலி காலி.

4

எதிரே பஸ் நிறுத்தத்தில் பவன் நிற்பது தெரிகிறது. பஸ்ஸும் வருகிறது. அதில் ஏறிவிட்டால் பவன் இனி எந்த டாக்டரையும் பார்க்கப் போவதில்லை. எனக்கும் தெரியும், ஆன்ட்டிக்கும் தெரியும். ஆன்ட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீதானேம்மா எழுதுற புள்ள. நீ கூப்பிடு. நான் எப்படிச் சொன்னாலும் தப்பாப் போவுது."

முடிவு அ: 'வாடா' என்கிறேன். பவன் ஏறி

முடிவு ஆ: 'வாடி' என்கிறேன். அதற்கும் பவன் ஏறி

முடிவு இ: பஸ் பழுதாகி நின்றுவிடுகிறது. (பொய். வேண்டாத நேரத்தில் நம் ஊர் பஸ் நன்றாகவே ஓடும்.)

அப்போதுதான் உறைத்தது. ஆளைப் பற்றி அடுத்தவரிடம் சொல்லும்போதுதான் தமிழுக்கு ஆணா பெண்ணா என்று தெரிய வேண்டும். ஆளிடமே பேசினால் 'நீ' போதும், 'வா' போதும். இது கண்டுபிடிப்பா, வெறும் சமாளிப்பா? தெரியவில்லை. இத்தனை பக்கமும் பவனைப் பற்றி உங்களிடம்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"ஆன்ட்டி, ஒன்னும் சேக்காதீங்க. வான்னு மட்டும் சொல்லுங்க."

"பவன்! வா! அம்மா இங்கதான் இருக்கேன், வா!"

லாரி ஒன்று குறுக்கே போகிறது. பஸ்ஸின் கதவு திறந்துவிட்டது. பவனின் ஒரு கால் படியில், முகம் எங்கள் பக்கம். ஆன்ட்டி மறுபடியும் கூப்பிடுகிறார், லாரி இரைச்சல் அதை விழுங்கிவிடுகிறது. என் குரலைச் சேர்த்தாலும் போதவில்லை.

நீங்கள் கூப்பிடுங்கள்.